777 போட்டும் ஏன் ஓடவில்லை?

சித்தி மகன் பொறியியல் முதலாண்டு படிக்கிறான். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "அண்ணா, 777 போட்டும் ஓடல. லினக்ஸே கரப்ட் ஆயிடுச்சா?"

கறுப்புத் திரையில் ஐந்து கட்டளைகள். முதலில் 'ஜிசிசி ஹலோ.சி', அதாவது சி மொழியில் எழுதிய ஹலோ.சி-யைக் கம்பைல் செய்து, கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றும் கட்டளை. அதற்குப் பதிலே இல்லை. அடுத்து வெறும் 'ஹலோ.சி' என்று அடித்திருக்கிறான். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தது. முன்னால் டாட் ஸ்லாஷ் போடும்படி பக்கத்து சீட்டுக்காரன் சொல்லியிருப்பான் போல. './ஹலோ.சி' என்று அடித்ததும் 'பர்மிஷன் டினைடு'. அப்புறம் இணையத்தில் எந்த மூலையில் கேட்டாலும் கிடைக்கிற அந்தச் சர்வரோக நிவாரணி, 'சிஎச்மாட் 777 ஹலோ.சி'. ஒரு கோப்பைப் படிக்க, எழுத, ஓட்ட எல்லோருக்கும் உரிமை கொடுக்கும் கட்டளை அது. மறுபடி './ஹலோ.சி'. இப்போது பர்மிஷன் டினைடு போய்விட்டது. அதற்குப் பதில் மூன்றாம் வரியில் எதிர்பாராத அடைப்புக்குறி, சின்டாக்ஸ் எரர் என்று வந்து நிற்கிறது.

அவன் எழுதிய சி நிரலில் குற்றம் ஏதும் இல்லை. லினக்ஸும் நன்றாகத்தான் இருக்கிறது. ஜிசிசி மௌனமாக இருந்ததே, அப்போதே காரியம் முடிந்துவிட்டது. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் வீட்டு வழக்கம் அது. வேலை சரியாக முடிந்தால் வாயே திறக்காது. அதே ஃபோல்டரில் ஏ.அவுட் என்று ஒரு கோப்பு உண்டாகியிருக்கும். ஓட வேண்டியது அதுதான். வடித்த சோறு பக்கத்தில் இருக்க, தம்பி அரிசி மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

ஏ.அவுட் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. 'அசெம்ப்ளர் அவுட்புட்' என்பதன் சுருக்கம் அது. யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் பிடிபி-7 என்ற பழைய கணினிக்காக கென் தாம்சன் எழுதிய அசெம்ப்ளர் (நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), தான் செய்து முடித்ததை அந்தப் பெயரில்தான் எழுதி வைத்தது. லினக்ஸ் நிரல்கள் 1990-களின் நடுவிலேயே எல்ஃப் என்னும் வேறு வடிவத்துக்கு மாறிவிட்டன. பழைய ஏ.அவுட் வடிவத்தை ஓட்டும் பகுதியை 2022-இல் கெர்னலிலிருந்தே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலிருந்தே, எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை. '-ஓ' போட்டு வேறு பெயர் சொல்லாதவரை, உள்ளே எல்ஃப் இருக்கும் கோப்புக்கும் ஜிசிசி ஏ.அவுட் என்றே பெயர் வைக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த மூன்று பிழைகளையும் ஒரே ஆள் சொல்லவில்லை. யார் எதைச் சொன்னார் என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று சொன்னது ஷெல், நாம் அடிக்கிற கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரல். சாய்கோடு இல்லாத பெயரைக் கொடுத்தால், ஷெல் அதைப் 'பாத்' என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும் தேடும். நீங்கள் நின்றுகொண்டிருக்கிற ஃபோல்டர் அந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் இல்லை. ஒரே கணினியில் பத்துப் பேர் வேலை செய்த காலத்தை நினைத்துப் பாருங்கள். எவனோ ஒரு குறும்புக்காரன் 'எல்எஸ்' என்ற பெயரில் ஒரு வில்லங்க நிரலை எல்லோரும் எழுதக்கூடிய ஓர் இடத்தில் போட்டுவைக்கிறான். அட்மின் அந்த ஃபோல்டருக்குள் போய், என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ் என்று அடிக்கிறார். ஷெல் முதலில் காலடியில் தேடுவதாக இருந்தால், அட்மினின் முழு அதிகாரத்தோடு அந்த வில்லங்கம் ஓடிவிடும். டாஸ் காலடியில்தான் முதலில் தேடியது. விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்ட் இன்றும் அப்படியே. பின்னால் வந்த பவர்ஷெல் யூனிக்ஸ் வழிக்கு வந்து, முன்னால் புள்ளியும் சாய்கோடும் கேட்கிறது.

ஆக டாட் ஸ்லாஷ் என்பது 'ஓடு' என்று சொல்லும் மந்திரம் இல்லை. புள்ளி என்றால் இந்த ஃபோல்டர். தேடாதே, இங்கேயே இருப்பதை எடு என்று முகவரி கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது பிழைக்குச் சொந்தக்காரர் கெர்னல். முகவரி கிடைத்ததும் ஷெல் ஒரு பிள்ளை புராசஸை (ஓடும் நிரலை) உண்டாக்கும். அந்தப் பிள்ளை எக்ஸெக்விஇ என்ற அழைப்பின் வழியாகக் கோப்பைக் கெர்னலிடம் நீட்டும். அதில் ஓடுவதற்கான பிட் (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் குறி) இருக்கிறதா என்று கெர்னல் பார்க்கும். இல்லையென்றால் 13 என்ற பிழை எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அந்த 13-ஐத்தான் ஷெல் நமக்குப் பர்மிஷன் டினைடு என்று படித்துக் காட்டுகிறது.

'எல்எஸ் -எல்' அடித்தால் இந்த பிட்டுகள் தெரியும். ஹலோ.சி-க்கு நேரே ஆர் டபிள்யூ கோடு, ஆர் கோடு கோடு, ஆர் கோடு கோடு. ஏ.அவுட்டுக்கு நேரே ஆர் டபிள்யூ எக்ஸ், ஆர் கோடு எக்ஸ், ஆர் கோடு எக்ஸ். முதல் மூன்று இடம் சொந்தக்காரருக்கு, நடு மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று ஊராருக்கு. படிக்க (ஆர்) 4, எழுத (டபிள்யூ) 2, ஓட்ட (எக்ஸ்) 1 என்று கூட்டினால் முதலாவது 644, இரண்டாவது 755. கெர்னல் மூன்றையும் சேர்த்துப் பார்க்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் சொந்தக்காரர் என்றால் முதல் மூன்று மட்டும்தான் உங்களுக்கு. 077 என்று வைத்த கோப்பை ஊரே படிக்கலாம், சொந்தக்காரரால் முடியாது!

ஏ.அவுட்டில் எக்ஸ் எப்படி வந்தது? தம்பி போடவில்லை. கம்பைல் வேலையின் கடைசிக் கட்டத்தில் வரும் லிங்கர்தான் போட்டது. சாதாரண எடிட்டர் புதுக் கோப்பு உண்டாக்கும்போது 666 என்று கேட்கும். யூமாஸ்க் என்ற வடிகட்டி 022 என்று இருந்தால் குழுவுக்கும் ஊராருக்கும் எழுதும் உரிமை வடிகட்டப்பட்டு 644 மிஞ்சும். லிங்கருக்குத் தான் செய்வது ஓடவேண்டிய பண்டம் என்று தெரியும். அதனால் எக்ஸையும் சேர்த்துக் கேட்கிறது. அதே வடிகட்டியில் 755 மிஞ்சுகிறது. கம்பைல் செய்த நிரலுக்கு அதே கணினியில் நீங்கள் சிஎச்மாட் போடவேண்டி வந்தால், பெரும்பாலும் நீங்கள் தவறான கோப்பைப் பிடித்திருக்கிறீர்கள், இல்லை நடுவில் எங்கேயோ அந்த பிட் உதிர்ந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். மூன்று எழுத்தையும் ஒரே மூச்சில் 'அனுமதி' என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆர், டபிள்யூ இரண்டும் உண்மையிலேயே பூட்டுகள். எக்ஸ் பெரும்பாலான சமயம் பூட்டு வேலை பார்ப்பதில்லை. கடை வாசலில் தொங்கும் போர்டு மாதிரி, 'இது ஓடக்கூடியது' என்று அறிவிக்கிறது. பூட்டு என்று நினைப்பதால்தான் சாவியைத் தேடி 777-க்கு ஓடுகிறார்கள்.

1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட யூனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே சிஎச்மாட் இருக்கிறது. அதில் சொந்தக்காரர் படிக்க ஒன்று, எழுத ஒன்று. மற்றவர் படிக்க ஒன்று, எழுத ஒன்று. ஓடுவதற்கு? மொத்தமே ஒரு பிட். யார் ஓட்டலாம் என்ற கேள்வியே அப்போது இல்லை. கோப்பு ஓடக்கூடியதா இல்லையா, அதோடு சரி. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பில் குழுவும் சேர்ந்து இன்றைய ஒன்பது பிட் அமைப்பு இருக்கிறது. எக்ஸும் மூன்றாகப் பிரிந்து பூட்டுகளின் வரிசையில் போய் நின்றுகொண்டது.

நிரல்களின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைப் பாருங்கள். சொந்தக்காரர் யார், குழு எது, யார் எழுதலாம் என்று எதையும் அது நினைவில் வைப்பதில்லை. ஒரு சாதாரணக் கோப்பை 644 அல்லது 755 என்று இரண்டில் ஒன்றாகத்தான் பதிகிறது. அதாவது எக்ஸை மட்டும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்துபோகிறது. பூட்டுகள் அந்தந்த வீட்டுச் சமாசாரம். போர்டு சரக்கோடு போகவேண்டியது.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் கதை இன்னும் வேடிக்கை. 000 என்று வைத்த கோப்பையும் ரூட் படிக்கலாம், எழுதலாம். ஆனால் ஒன்பதில் ஓர் எக்ஸ்கூட இல்லாத கோப்பை எக்ஸெக்விஇ-க்குக் கொடுத்தால் ரூட்டுக்கும் பர்மிஷன் டினைடுதான். எந்தப் பூட்டையும் திறக்கும் ஆளையும் கெர்னல் இங்கே மட்டும் திருப்பி அனுப்புகிறது. அறிவிக்கப்படாத ஒன்றை நிரல் என்று எடுத்துக்கொள்ள அது தயாராக இல்லை.

பூட்டாக எடுத்துக்கொண்டால் இது ஒழுங்காகப் பூட்டுவதும் இல்லை. எக்ஸ் இல்லாத ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பை), 'பாஷ்' என்ற ஷெல்லின் பெயரை முன்னால் போட்டுக் கூப்பிட்டால் ஓடும். எக்ஸ் இல்லாத ஏ.அவுட்டையும் நிரலை நினைவகத்தில் ஏற்றும் எல்டி-லினக்ஸ் என்ற லோடரிடம் கையில் கொடுத்து ஓட்டிவிடலாம். எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் படிக்கும் உரிமை இருந்தால் கோப்பை உங்கள் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். நகலுக்குச் சொந்தக்காரர் நீங்கள். எக்ஸ் போட்டு ஓட்டுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது, அங்கே எக்ஸ் நிஜமாகவே பூட்டு. செட்யூஐடி நிரல்கள். பாஸ்வேர்டு மாற்றும் 'பாஸ்டபிள்யூடி' நிரலை எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால் சொந்தக்காரரின் எக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் எஸ் இருக்கும். யார் ஓட்டினாலும் அது தன் சொந்தக்காரரான ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். இல்லாவிட்டால் சாதாரண ஆளால் பாஸ்வேர்டு கோப்பில் கைவைக்க முடியாது. இந்த யோசனை யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியுடையது. 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, எண் 4,135,240. பின்னர் அது பொதுவுடைமையாக விடப்பட்டது. செட்யூஐடி நிரலை நகலெடுத்தால் நகல் உங்கள் சொத்து, ரூட்டின் அதிகாரம் அதில் வராது. அதனால் இப்படிப்பட்ட நிரலை யார் ஓட்டலாம் என்று எக்ஸ் வழியாகக் கட்டுப்படுத்துவதற்கு அர்த்தம் இருக்கிறது.

இந்த ஓர் எழுத்தின் கனம் 2022 ஜனவரியில் தெரிந்தது. பிகேஎக்ஸெக் என்ற செட்யூஐடி நிரலில், 2009-இல் அதன் முதல் பதிப்பிலிருந்தே ஒளிந்திருந்த ஓட்டையைக் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. சாதாரணப் பயனர் யாரும் ரூட் ஆகிவிடலாம். திருத்திய பதிப்பு கைக்கு வரும்வரை சொன்ன தற்காலிக வைத்தியம் ஒரே வரிதான், அந்தக் கோப்புக்கு சிஎச்மாட் 0755. எஸ் போய் எக்ஸ் வந்தால் ஆபத்தும் போயிற்று.

மூன்றாவது பிழைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். 777 போட்டதும் ஹலோ.சி-யின் வாசலில் 'நான் நிரல்' என்று போர்டு தொங்கிவிட்டது. கெர்னல் உள்ளே எட்டிப் பார்த்தது. எல்ஃப் கோப்பு என்றால் முதல் நான்கு பைட்டுகள் அடையாளம் சொல்லும்: 127 என்ற எண், அடுத்து இ, எல், எஃப் என்ற எழுத்துகள். ஸ்கிரிப்ட் என்றால் ஹேஷும் ஆச்சரியக்குறியும் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. 'இந்த வடிவம் எனக்குத் தெரியாது' என்று 8 என்ற பிழை எண்ணோடு கெர்னல் திருப்பி அனுப்பியது. ஷெல் அதோடு விடவில்லை. ஹேஷ்-ஆச்சரியக்குறி ஏற்பாட்டை ரிச்சி கொண்டுவந்தது 1980-இல். அதற்கு முன் ஸ்கிரிப்டுகளைக் கெர்னலுக்கு அடையாளம் தெரியாது. கெர்னல் தள்ளிவிட்டதை 'அப்போ இது என் சரக்காக இருக்கும்' என்று ஷெல்லே எடுத்து ஓட்டும். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது. எனவே தம்பியின் சி நிரலை ஷெல் கட்டளைகளாக நினைத்துப் படிக்கத் தொடங்கியது. முதல் வரி ஹேஷ் இன்க்ளூட். ஷெல்லுக்கு ஹேஷ் என்றால் குறிப்பு வரி, தாண்டிப் போனது. இரண்டாவது வரி காலி. மூன்றாவது வரி 'இன்ட் மெயின்', அடுத்து ஓர் அடைப்புக்குறி. 'இன்ட்' என்ற கட்டளைக்குப் பின்னால் இதற்கு என்ன வேலை என்று ஷெல் முழித்தது. அந்த முழிப்பைத்தான் அவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தான்.

பொய்ப் போர்டு மாட்டியதால் வந்த வினை இது. கணினி ஒவ்வொரு படியிலும் உண்மையைத்தான் சொன்னது, சுருக்கமாகச் சொன்னது என்பதுதான் குறை.

சில சமயம் அந்தச் சுருக்கம் ஆளையே ஏமாற்றிவிடும். யாரோ கொடுத்த பழைய 32-பிட் நிரலை 64-பிட் லினக்ஸில் ஓட்டினால், எக்ஸ் சரியாக இருந்தும் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வரலாம். கண்ணெதிரே இருக்கிற கோப்பை இல்லை என்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். இல்லாதது அந்தக் கோப்பு இல்லை. அது தன்னை ஓட்டுவதற்குக் கேட்கிற 32-பிட் லோடர்தான் கணினியில் இல்லை. லேப்டாப்பில் கம்பைல் செய்ததை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் போட்டால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வரும். சிப்பின் பாஷையே வேறு, சிஎச்மாட்டால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற லினக்ஸ் செயலி போட்டு சி பழகுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். ஏ.அவுட்டை எஸ்டிகார்டு ஃபோல்டருக்கு மாற்றினால் அங்கிருந்து ஓடாது. அந்த இடம் முழுவதையும் 'எதையும் ஓட்டாதே' என்ற பொருளில் நோஎக்ஸெக் என்று மவுன்ட் செய்திருக்கிறார்கள், அதாவது அப்படி இணைத்திருக்கிறார்கள்; அங்கே எந்தக் கோப்பும் நிரலாக முடியாது.

ஃபோல்டரில் எக்ஸுக்குப் பொருள் வேறு, உள்ளே நுழையும் உரிமை. வழியில் உள்ள ஒரே ஒரு ஃபோல்டரில் அது இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கிற 755 கோப்புக்கும் பர்மிஷன் டினைடு வரும். பிழை காட்டும் கோப்பை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடியாது.

777-இல் என்ன தப்பு என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு வேண்டியிருந்தது எக்ஸ் மட்டும்; 'சிஎச்மாட் ப்ளஸ் எக்ஸ்' போதும். 777 அதோடு ஊராருக்கு எழுதும் உரிமையையும் தூக்கிக் கொடுக்கிறது. பலர் லாகின் செய்யும் லேப் சர்வரில் உங்கள் நிரலின் உள்ளடக்கத்தை வேறொருவர் மாற்றி வைக்கலாம். அடுத்த முறை ஓட்டும்போது அவர் எழுதியது உங்கள் பெயரில், உங்கள் உரிமையில் ஓடும். சில நிரல்கள் இதைச் சகித்துக்கொள்வதே இல்லை. வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உங்கள் தனிச்சாவிக் கோப்பை மற்றவர் படிக்க முடிகிறது என்று கண்டாலே பெரிய எழுத்தில் எச்சரித்துவிட்டு அந்தச் சாவியைத் தொட மறுக்கும். ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட உதவும் சுடூ தன் விதிக் கோப்பை ஊரே எழுதலாம் என்று இருந்தால் வேலையை நிறுத்திவிடும். ஹோம் ஃபோல்டர் முழுக்க 777 போட்டுவிட்டு, சர்வருக்குள் நுழைய முடியவில்லை என்று புலம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் ஒருமுறை நானும் புலம்பியிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து மறுபடி ஒரு ஸ்கிரீன்ஷாட். இந்த முறை சரியான கோப்பு, ./ஏ.அவுட். ஆனால் பர்மிஷன் டினைடு. சிஎச்மாட் ப்ளஸ் எக்ஸ் போட்டிருக்கிறான்; பிழை எதுவும் வரவில்லை. மறுபடி ஓட்டினால் மறுபடி டினைடு. எல்எஸ் -எல் போட்டால் எக்ஸையே காணோம்.

"பென்டிரைவா?" என்று கேட்டேன்.

"எப்படிண்ணா கண்டுபிடிச்ச?"

பென்டிரைவில் இருப்பது ஃபேட்32 என்ற கோப்பு முறை. அதில் சொந்தக்காரர், குழு, ஒன்பது பிட் எதையும் எழுதி வைக்க இடமே கிடையாது. எல்எஸ் காட்டுவதெல்லாம் மவுன்ட் செய்யும்போது கெர்னல் ஒப்புக்கு வைக்கும் கற்பனை உரிமைகள். அப்படியானால் எக்ஸ் போட முடியாது என்று சிஎச்மாட் சொல்லியிருக்க வேண்டாமா? லினக்ஸின் ஃபேட் பகுதியில் அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்: இங்கே நாம் பிழையைத் திருப்புவதில்லை, ஆமாம், விசித்திரம்தான், ஆனால் இது மிகப் பழைய நடத்தை என்று. சிஎச்மாட் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. பல டெஸ்க்டாப்கள் பென்டிரைவைச் செருகியதும் 'ஷோஎக்ஸெக்' என்ற விருப்பத்தோடு மவுன்ட் செய்கின்றன. அதன்படி இஎக்ஸ்இ, காம், பேட் என்று முடியும் பெயர்களுக்கு மட்டும் எக்ஸ் உண்டு. ஹோமுக்கு நகலெடுத்து ஓட்டு என்று சொல்லியிருக்கலாம். ஆசை விடவில்லை. பென்டிரைவிலேயே '-ஓ ஹலோ.இஎக்ஸ்இ' என்று கம்பைல் செய்யச் சொன்னேன். லினக்ஸ் எல்ஃப் நிரல், விண்டோஸ் வாலை ஒட்டிக்கொண்டு, ஒழுங்காக ஓடி ஹலோ சொன்னது.

"அண்ணா, இதை ரெக்கார்டு நோட்ல அப்படியே எழுதட்டா?"

"வேணாம்டா. நாளைக்கு ஹோம்ல ஓட்டி அதை எழுது."